கரண்ட் போனால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆலையின் மதில் சுவருக்கு வெளியே இருப்பவர்களுக்கு மின்தடை ஒரே ஒரு காட்சியாகத்தான் தெரியும்: ஃபிளேர் என்ற உயரமான குழாயின் உச்சியில் நெருப்பு திடீரென்று பெரிதாக எழும், இரவாக இருந்தால் ஊரே வெளிச்சமாகிவிடும். உள்ளே நடப்பது அதைவிட நீளமான கதை. ஷிஃப்டில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் உறவினர்கள், அக்கம்பக்கத்தார், இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகள் என்று பலரும் இதைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கரண்ட் போனால் எல்லாம் நின்றுவிடும். நின்றுபோன ஆலையில் என்ன ஆபத்து?

மாவு மில்லில் கரண்ட் போனால் கல் நின்றுவிடும், அத்தோடு சரி. சுத்திகரிப்பு ஆலையில் மோட்டார்தான் நிற்கும், சூடு நிற்காது. பால் பொங்கும்போது அடுப்பை அணைத்தாலும் அது இன்னும் கொஞ்சம் பொங்கி வழிந்துவிட்டுத்தானே அடங்குகிறது? அப்படித்தான் இதுவும்.

கச்சா எண்ணெயை முதலில் ஃபர்னஸ் என்ற பெரிய உலையில் 350 முதல் 370 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, உயரமான ஒரு டவருக்குள் அனுப்புகிறார்கள். அங்கே ஆவி மேலே ஏறும், கனமானது கீழே இறங்கும். மேலே ஏறிய ஆவியைக் குளிர வைத்துத் திரவமாக்கி, அதில் ஒரு பங்கை மறுபடியும் டவருக்குள் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சூடாக்குவதற்குக் கரண்ட் அவ்வளவாகத் தேவையில்லை, அந்த வேலையைப் பெரும்பாலும் எரிவாயுவே பார்த்துக்கொள்ளும். சூட்டை வெளியே எடுப்பதற்குத்தான் கரண்ட் வேண்டும். குளிர்விக்கும் விசிறி, தண்ணீர் பம்ப், திரவத்தைத் திருப்பி ஊற்றும் பம்ப் எல்லாம் பெரும்பாலும் மோட்டாரில் ஓடுபவை. ஆக, மின்தடை முதலில் பறிப்பது சூட்டை வெளியேற்றும் வழியை.

இன்னொன்று, எல்லாம் ஒரே நேரத்தில் நிற்பதில்லை. விசிறி சில நொடிகளில் நிற்கும். நீராவி சில நிமிடம் தாக்குப்பிடிக்கும். வால்வுகளை இயக்கும் காற்று கால் மணி நேரம் போல வரும். கணினித் திரைகள் பேட்டரியில் அரை மணி நேரம் ஓடும். சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் தன் நேரத்துக்கு அறுவதால், ஒன்றைச் சமாளித்துவிட்டோம் என்று நிமிர்வதற்குள் அடுத்தது வந்து நிற்கும்.

பெரிய ஆலைகளில் சொந்தமாக மின் நிலையம் இருக்குமே?

இருக்கும். இந்தியாவிலும் பெரிய ஆலைகள் பலவற்றில் சொந்த மின் உற்பத்தி உண்டு. ஆனால் பல இடங்களில் அந்த மின் நிலையமும் ஆலையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஜெனரேட்டரைச் சுற்றும் டர்பைனுக்கு பாய்லரிலிருந்து நீராவி வேண்டும். பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்புக்கும் காற்று ஊதும் விசிறிக்கும் கரண்ட் வேண்டும். பாய்லரில் எரிவது பெரும்பாலும் ஆலையே தயாரிக்கும் எரிவாயு, யூனிட்டுகள் (ஆலையின் தனித்தனிப் பிரிவுகள்) நின்றால் அதுவும் குறைந்துவிடும்.

வெளி மின்சாரமும் சொந்த மின்சாரமும் சேர்ந்து ஓடும் ஆலையில் வெளி இணைப்பு திடீரென்று அறுந்தால், முழுச் சுமையும் உள்ளே இருக்கும் ஜெனரேட்டர்கள் மேல் விழும். 50 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்த அதிர்வெண் சரியத் தொடங்கும். அது சரிவதற்குள் முக்கியம் குறைந்த சுமைகளை நொடிக்கும் குறைவான நேரத்தில் ரிலேக்கள் என்ற தானியங்கிப் பாதுகாப்புக் கருவிகள் வெட்டிவிட வேண்டும். அதற்கான வரிசைப் பட்டியல் முன்கூட்டியே தயாராக இருக்கும். பட்டியல் சரியாக இருந்தால் ஆலை ஒரு தீவு போலத் தனியாக ஓடித் தப்பிக்கும். பத்து வருடம் முன்பு போட்ட பட்டியலை வைத்துக்கொண்டு, நடுவில் சேர்த்த புதிய மோட்டார்களைக் கணக்கில் எடுக்காமல் விட்டிருந்தால், வெட்டியது போதாமல் ஜெனரேட்டர்களும் விழும். அப்புறம் மொத்த இருட்டுதான்.

அரை நொடி மின்சாரம் விட்டு வந்தாலும் பிரச்சினையா? வீட்டில் லைட் சிமிட்டுவது போலத்தானே?

அந்தச் சிமிட்டல்தான் பல சமயம் முழு மின்தடையைவிடக் குழப்பமானது. மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் கான்டாக்டரைப் பிடித்து வைத்திருப்பது ஒரு காந்தச் சுருள். வோல்டேஜ் பாதிக்குக் கீழே போனால் சில சுற்றுகளுக்குள் அந்தப் பிடி விட்டுவிடும். 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று என்பது 20 மில்லிநொடி. நீங்கள் கண் சிமிட்டும் நேரத்தில் டஜன் கணக்கில் மோட்டார்கள் ட்ரிப் ஆகியிருக்கும், அதாவது தானாக நின்றிருக்கும். விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

எல்லாம் நின்றால் ‘மொத்த மின்தடை’ என்ற நடைமுறையைக் கையில் எடுக்கலாம். பாதி நின்று பாதி ஓடினால் எது ஓடுகிறது, எது நின்றது என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். 1994 ஜூலை 24 அன்று வேல்ஸில் மில்ஃபோர்டு ஹேவன் அருகே உள்ள பெம்ப்ரோக் ஆலையில் தொடக்கம் இதுதான்: இடி மின்னலால் 0.4 நொடி மின்சாரம் போனது, அப்புறம் வோல்டேஜ் பலமுறை தாழ்ந்து தாழ்ந்து வந்தது. அன்று நடந்ததைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

முதல் சில நிமிடங்கள் உள்ளே எப்படி இருக்கும்?

முதலில் காதுக்குத்தான் தெரியும். ஓடும் யூனிட்டில் ஒரு சீரான இரைச்சல் இருக்கும். பழகிப்போனால் அது இருப்பதே தெரியாது. ஓர் இரவு ஷிஃப்டில் பைப் ரேக்குக்குக் கீழே நடந்துகொண்டிருந்தபோது மேலே ஏர் கூலர் விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்த சத்தத்தை என்னால் மறக்க முடியவில்லை. விசிறி இறக்கைகள் மெதுவாகிக் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன. ஒரு மூச்சு நேரம் முழு அமைதி. பிறகு தலைக்கு மேல் எங்கோ ஒரு சேஃப்டி வால்வ் திறந்தது. கூடவே நீராவி கிழித்துக்கொண்டு போகும் சத்தம். அதற்கப்புறம் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்கவில்லை. வாக்கி டாக்கியை ஹெல்மெட்டுக்குள் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, “ஃபர்னஸ் கேஸ் அடைச்சாச்சா?” என்று ஷிஃப்ட் இன்சார்ஜ் திரும்பத் திரும்பக் கேட்டதைத்தான் பிடித்துக்கொண்டு ஓடினோம்.

அதே நேரத்தில் கண்ட்ரோல் ரூமில் அலாரம் மழை. ஒரு பம்ப் நின்றால் அதன் ஓட்டம் குறைந்ததற்கு ஒரு அலாரம், அழுத்தம் குறைந்ததற்கு ஒன்று, டிரம்மில் மட்டம் ஏறியதற்கு ஒன்று, வெப்பம் மாறியதற்கு ஒன்று. நூறு பம்ப் நின்றால் எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நீராவிக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

மின்சாரம் போனால் கைகொடுக்க வேண்டியது நீராவி. அதனால்தான் முக்கியமான பம்புகளில் ஒன்றை மோட்டாரிலும், அதன் ஜோடியை நீராவி டர்பைனிலும் வைப்பார்கள். மோட்டார் நின்று அழுத்தம் குறைந்தால் டர்பைன் பம்ப் தானாக எடுத்துக்கொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடு, பாய்லர் ஓடும் வரை.

பாய்லருக்கு மூன்று தேவை: தண்ணீர், எரிபொருள், காற்று. காற்று ஊதும் விசிறி மோட்டாரில் ஓடினால் மின்தடையோடு பாய்லரும் ட்ரிப் ஆகும். டிரம்மில் மிச்சம் இருக்கும் நீராவியைத்தான் எல்லோரும் பங்கு போட வேண்டும். மாற்றாக எழுந்த டர்பைன்கள் எல்லாம் அதே நேரத்தில் நீராவி கேட்கும். ஃபர்னஸ் குழாய்களைத் துடைக்கவும் நீராவி வேண்டும், ஃபிளேர் புகையாமல் எரியவும் நீராவி வேண்டும். குழாயில் அழுத்தம் விழுந்தால் டர்பைன் வேகம் குறையும், அதை நம்பி ஓடிய பம்ப் தளரும், அந்தப் பம்ப் பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பாக இருந்துவிட்டால் கதை வட்டமாகிவிடும். ஒரு மின்தடையில் ஆலை தப்புமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் ஒரு பாய்லராவது நிற்காமல் ஓடியதா என்பதுதான். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் யூனிட்டையே சுற்றிச் சுற்றிப் படிக்கிறார்கள். பாய்லர் ஹவுஸையும் ஒரு வாரம் போய்ப் பாருங்கள் என்று நான் அவர்களிடம் சொல்வது இதனால்தான்.

‘இன்ஸ்ட்ருமென்ட் ஏர்’ என்கிறார்களே, அது என்ன?

ஆலையில் உள்ள ஆயிரக்கணக்கான கண்ட்ரோல் வால்வுகளைத் திறந்து மூடுவது பெரும்பாலும் அழுத்தக் காற்று, ஏறக்குறைய 7 பார் அழுத்தத்தில். ஈரமில்லாமல் உலர்த்திய காற்று. அதைத் தயாரிக்கும் கம்ப்ரசர் நின்றால், சேமிப்புத் தொட்டியில் இருப்பது கால் மணி நேரம் போல வரும். அதுவும் முடிந்தால் ஒவ்வொரு வால்வும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தள்ளும் பக்கம் போய் நிற்கும். எந்தப் பக்கம் என்பதை வடிவமைக்கும்போதே முடிவு செய்திருப்பார்கள். ஃபர்னஸுக்கு எரிவாயு கொடுக்கும் வால்வ் மூடிக்கொள்ளும். குளிர்விக்கும் தண்ணீருக்கான வால்வ் திறந்துகொள்ளும்.

இங்கே ஒரு சிக்கல். காற்று சட்டென்று போவதில்லை, மெல்ல மெல்லக் குறையும். அழுத்தம் குறையக் குறைய ஒவ்வொரு வால்வும் வெவ்வேறு நேரத்தில் நகரத் தொடங்கும். திரையில் ‘திறந்திரு’ என்று ஆணை கொடுத்திருப்பீர்கள், வால்வ் பாதி மூடியிருக்கும். ஆணை காட்டும் நிலையை நம்பாமல் உண்மையான ஓட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது இந்த இடத்தில் உயிர் காக்கும் பாடம்.

ஃபர்னஸில் என்ன நடக்கும்?

குழாய்க்குள் எண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் குழாய்க்குப் பாதுகாப்பு. ஓடும் எண்ணெய்தான் சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. எண்ணெயை உள்ளே தள்ளும் ஃபீட் பம்ப் நின்றுவிட்டால் குழாயில் தேங்கிய எண்ணெய் அங்கேயே வெந்து கரியாகும். குழாயின் உலோகம் சிவந்து, இளகி, ஒரு இடத்தில் புடைத்து வெடிக்கலாம். வெடித்தால் எரியும் பெட்டிக்குள்ளேயே எண்ணெய் கொட்டும்.

அதனால் ஓட்டம் குறைந்ததுமே எரிபொருளை வெட்டும் தனிப் பாதுகாப்பு உண்டு. ஆனாலும் உட்சுவரில் இருக்கும் சூடு தாங்கும் செங்கற்கள் வெகு நேரம் கனன்றுகொண்டே இருக்கும். அந்தச் சூடு குழாய்க்குள் போய்க்கொண்டேதான் இருக்கும். நீராவியை உள்ளே விட்டு எண்ணெயைத் தள்ளி வெளியேற்றுவார்கள். அந்த நீராவிதான் மேலே சொன்ன பங்கீட்டுச் சண்டையில் மாட்டியிருக்கும்.

ஃபிளேர் ஏன் அவ்வளவு பெரிதாக எரிகிறது? பயப்பட வேண்டுமா?

எரிவது நல்லது. வெளியே போக வேண்டிய ஆவி எரிந்து போகிறது என்று அர்த்தம். டவரின் உச்சியில் குளிர்விப்பு நின்றால் ஆவிக்குப் போக்கிடம் இல்லை, அழுத்தம் ஏறும். குறிப்பிட்ட அளவில் சேஃப்டி வால்வ் திறந்து ஆவியை ஃபிளேர் குழாய்க்கு அனுப்பும். சாதாரண நாளில் ஒரு யூனிட் சிக்கலில் மாட்டினால் ஒன்றிரண்டு வால்வுகள் திறக்கலாம். மொத்த மின்தடையில் பல யூனிட்டுகளின் வால்வுகள் ஏறக்குறைய ஒன்றாகத் திறக்கும். அதனால்தான் ஃபிளேர் குழாயின் அளவைக் கணக்கிடும்போது மொத்த மின்தடையை முக்கியமான நிலைமைகளில் ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஏபிஐ 521 என்ற அமெரிக்க பெட்ரோலியத் துறைத் தரநிலை சொல்கிறது.

கரும்புகை வருவதற்குக் காரணம், ஃபிளேர் முனையில் காற்றையும் ஆவியையும் கலக்கும் நீராவி போதாதது. அல்லது எரியும் அளவு அந்த நீராவியின் சக்திக்கு மிஞ்சியது. கந்தக மீட்பு யூனிட் நின்றிருந்தால், அங்கே போக வேண்டிய ஹைட்ரஜன் சல்ஃபைடும் ஃபிளேருக்கே வரும். எரிந்தால் சல்ஃபர் டை ஆக்சைடு. தொண்டை எரிச்சல், இருமல், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறல் எல்லாம் அதனால் வரலாம். புகை அவ்வளவாக இல்லை, அதனால் ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். இந்த வாயு கண்ணுக்குத் தெரியாது.

உண்மையில் பயப்பட வேண்டியது ஃபிளேருக்குள் திரவம் ஏறுவதற்கு. ஆவியோடு வரும் திரவத்தைப் பிரித்து நிறுத்த ஃபிளேருக்கு முன்னால் நாக்-அவுட் டிரம் என்று ஒரு பெரிய தொட்டி இருக்கும். அது நிரம்பிவிட்டால் திரவம் குழாய்க்குள் பாயும். உச்சிக்குப் போனால் எரியும் துளிகள் மழையாக விழும். போகும் வழியில் குழாய் தாங்காவிட்டால் இன்னும் மோசம். பெம்ப்ரோக்கில் நடந்தது அதுதான்.

பெம்ப்ரோக்கில் 1994இல் என்னதான் நடந்தது?

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஆலைக்கு மேல் கடுமையான இடி மின்னல். மின்சாரம் தட்டுத் தடுமாறி வந்ததில் பம்புகளும் ஏர் கூலர் விசிறிகளும் திரும்பத் திரும்ப ட்ரிப் ஆயின. கச்சா எண்ணெய் யூனிட்டில் மின்னலால் தீப்பிடித்தது, அதை நிறுத்தினார்கள். மற்ற பல யூனிட்டுகளும் நின்றன. கனமான எண்ணெயை வினையூக்கியால் உடைத்து இலேசாக்கும் கேட்டலிட்டிக் கிராக்கர் யூனிட்டை மட்டும் நிறுத்தாமல் மீட்டுவிடப் பார்த்தார்கள்.

அந்த யூனிட்டின் பின்பகுதியில் பியூட்டேன் போன்ற இலேசான வாயுக்களைப் பிரிக்கும் டீபியூட்டனைசர் என்றொரு டவர். அதன் அடியிலிருந்து திரவம் வெளியேறும் வால்வ் குழப்பத்தின்போது மூடியது, பிறகு திறக்கவே இல்லை. திரையோ அது திறந்துவிட்டது என்று காட்டியது. உள்ளே திரவம் வந்துகொண்டே இருந்தது, வெளியே போகவில்லை. சூடு ஏறியது, அழுத்தம் ஏறியது, ஃபிளேருக்குத் திறந்துவிட்டது. ஒரு முறை இல்லை, பல முறை. அந்த யூனிட்டின் வாயுவை அழுத்தும் வெட் கேஸ் கம்ப்ரசருக்கு முன்னால் திரவம் சேர்ந்து கம்ப்ரசரும் ட்ரிப் ஆனது, அந்த வாயுவும் ஃபிளேருக்கே வந்தது. எல்லாம் போய்ச் சேர்ந்த இடம் நாக்-அவுட் டிரம்.

அந்த டிரம்மில் சேரும் திரவத்தை முன்பு பெரிய அளவில் தானாக வெளியே இறைத்துவிடும் ஏற்பாடு இருந்தது. பின்னர் அதை மாற்றி, திரவத்தை மெதுவாக யூனிட்டுக்கே திருப்பி அனுப்பும்படி செய்திருந்தார்கள். சாதாரண நாளில் அது நியாயமான சிக்கனம். அன்றைய வெள்ளத்துக்கு அது போதவில்லை. டிரம் நிரம்பி வழிந்து, திரவம் வெளிக்குழாயில் பாய்ந்தது. அரிப்பால் மெலிந்திருந்த ஒரு வளைவு உடைந்தது. ஏறக்குறைய 20 டன் எரியும் எண்ணெய்ப் பொருள் வெளியே வந்து, மதியம் 1 மணி 23 நிமிடத்துக்கு வெடித்தது. 26 பேருக்குச் சிறு காயங்கள், உயிரிழப்பு இல்லை. தீ இரண்டு நாள் எரிந்தது.

காலையில் விட்டு வந்த 0.4 நொடி மின்சாரத்துக்கும் மதியத்து வெடிப்புக்கும் நடுவில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் இருந்தது. என்னை இன்றும் உறுத்துவது அந்த ஐந்து மணி நேரம்தான். நிறுத்துவதற்கு நேரம் இல்லாமல் போகவில்லை. எது நடந்துகொண்டிருக்கிறது என்று பார்ப்பதற்குத் திரைகள் உதவவில்லை. உள்ளே எவ்வளவு வருகிறது, வெளியே எவ்வளவு போகிறது என்று ஒரே பார்வையில் காட்டும் திரை அவர்களிடம் இல்லை. கடைசி 11 நிமிடத்தில் மட்டும் இரண்டு ஆபரேட்டர்களுக்கு 275 அலாரம் வந்தது. கணக்குப் போட்டால் இரண்டரை நொடிக்கு ஒன்று. அதில் நாக்-அவுட் டிரம் நிரம்பிவிட்டது என்ற அலாரமும் ஒன்று. அந்த ஒன்றைத் தனியாகப் பார்த்திருக்கலாமே என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்வது எளிது. அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன்.

எந்த யூனிட்டுக்கு மின்தடை அதிகம் ஆபத்து?

ஆபத்தின் வகை மாறும். கேட்டலிட்டிக் கிராக்கரில் 700 டிகிரியைத் தொடும் வினையூக்கித் தூள் இரண்டு பாத்திரங்களுக்கு இடையே மணல் ஆறு போல ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றில் எண்ணெய் ஆவி, மற்றதில் காற்று. இரண்டையும் பிரித்து வைத்திருப்பது அழுத்த வேறுபாடும் நடுவில் உள்ள ஸ்லைடு வால்வுகளும்தான். காற்று ஊதும் பெரிய புளோயர் நின்றால் அந்தச் சமநிலை தலைகீழாகலாம். காற்றும் எண்ணெய் ஆவியும் சூடான இடத்தில் சந்திக்கவே கூடாது, அதனால் ஸ்லைடு வால்வுகள் உடனே மூடிக்கொள்ள வேண்டும்.

ஹைட்ரஜனைச் சேர்த்து எண்ணெயை உடைக்கும் ஹைட்ரோகிராக்கரில் 100 பாருக்கு மேல் ஹைட்ரஜன் அழுத்தத்தில், சூட்டைத் தானே உண்டாக்கும் வினை நடக்கிறது. சுழற்சி கம்ப்ரசர் நின்றால் சூட்டை அள்ளிக்கொண்டு போக ஆள் இல்லை. வெப்பம் ஏற, வினை வேகமாக, மேலும் வெப்பம் ஏறும். அதை அடக்கக் கையில் இருக்கும் கடைசி ஆயுதம், அழுத்தத்தை ஃபிளேருக்கு வேகமாக இறக்கிவிடுவது. அந்த பட்டனை அழுத்தத் தயங்கக் கூடாது.

தார் போன்ற கனமான எண்ணெய் ஓடும் இடங்களில் வேறு தொல்லை: ஆறினால் உறைந்துவிடும். கந்தகமும் அப்படித்தான், 115 டிகிரிக்குக் கீழே போனால் குழாயிலேயே கல்லாகிவிடும். வெடிக்காது, ஆனால் அந்தக் குழாயை மீட்க வாரக்கணக்கில் ஆள் உழைக்க வேண்டும்.

யுபிஎஸ், டீசல் ஜெனரேட்டர் எல்லாம் எதற்கு இருக்கிறது? ஆலை முழுக்கவே டிஜி வைத்துவிட்டால் என்ன?

முழு ஆலைக்கு வேண்டியது பல்லாயிரம் கிலோவாட். அவ்வளவுக்கு டிஜி வைப்பது நடைமுறைக்கு ஒத்துவராது, வைத்தாலும் அது எழுந்து சுமை எடுப்பதற்குள் மோட்டார்கள் நின்றுவிட்டிருக்கும். யுபிஎஸ்ஸும் டிஜியும் ஆலையை ஓட்டுவதற்கு இல்லை, பத்திரமாக நிறுத்துவதற்கு. கணினிகள், பாதுகாப்புச் சுற்றுகள், அவசர விளக்கு, பெரிய கம்ப்ரசரின் தாங்கிகளுக்கு (பேரிங்) எண்ணெய் கொடுக்கும் சிறு பம்ப் போன்றவை அதில் ஓடும். கம்ப்ரசர் நிற்பதற்குப் பல நிமிடம் சுழலும். அதுவரை தாங்கிக்கு எண்ணெய் போகாவிட்டால் விலைமதிப்பில்லாத ஓர் இயந்திரம் உருகிப்போகும். அதனால் பேட்டரியில் ஓடும் ஒரு எண்ணெய் பம்பையும் தனியாக வைப்பார்கள்.

டிஜி எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். 2017இல் ஹார்வி புயலின்போது டெக்சாஸில் கிராஸ்பி ஊரில் இருந்த ஆர்க்கெமா இரசாயன ஆலை (சுத்திகரிப்பு ஆலை இல்லை) வெள்ளத்தில் மூழ்கி, மின்சாரமும் மாற்று ஜெனரேட்டர்களும் போயின. குளிரிலேயே வைத்திருக்க வேண்டிய ஆர்கானிக் பெராக்சைடு சூடேறித் தானாகத் தீப்பிடித்தது. ஒன்றரை மைல் சுற்றளவில் மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

கரண்ட் வந்ததும் உடனே ஓட்டிவிடலாமே?

முடியாது. இந்த அவசரம்தான் பலரை ஆபத்தில் தள்ளுகிறது. முதலில் பாய்லர், நீராவி, குளிர்நீர், காற்று. அவை நிலைத்த பிறகு ஒவ்வொரு யூனிட்டாக. திடீரென்று ஆறிய குழாய் இணைப்புகளான ஃபிளாஞ்சுகளும் அவற்றின் நடுவில் உள்ள கேஸ்கட்டுகளும் சூடேறும்போது கசியக்கூடும், ஆள் நடந்து போய் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஃபர்னஸ் குழாயில் கரி படிந்திருந்தால் அதைச் சுத்தம் செய்ய வேண்டும். எந்த வால்வ் எந்த நிலையில் நிற்கிறது என்பதைக் கையால் தொட்டு உறுதி செய்ய வேண்டும்.

2024 பிப்ரவரி 1 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் விட்டிங்கில் உள்ள பிபி ஆலை மின்தடையால் முழுவதும் நின்றது. நாளைக்கு 4,35,000 பீப்பாய் திறன் கொண்ட அது அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலேயே பெரியது. மீண்டும் பழையபடி ஓடுவதற்கு வாரக்கணக்கில் ஆனது. அந்தப் பகுதியில் பெட்ரோல் விலையும் ஏறியது. மின்தடையின் நீளத்துக்கும் நிற்கும் நாட்களுக்கும் நேர்க் கணக்கு கிடையாது.

குளிர்காலமும் இதில் சேருமா?

சேரும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைபனியில் மின்கட்டமைப்பு தடுமாறியபோது அங்குள்ள பெரிய ஆலைகள் பல நின்றன. அங்கே மின்சாரம், இயற்கை எரிவாயு, உறைந்துபோன தண்ணீர்க் குழாய்கள் மூன்றும் ஒன்றாகக் காலை வாரின. அவ்வளவு கடுமையான குளிர் அரிதாகவே வரும் பகுதி என்பதால் குழாய்களுக்கு அந்தக் குளிருக்கு ஏற்ற காப்பு இல்லை.

சரி, தடுக்க என்ன செய்யலாம்?

செலவு வைக்கும் வேலைகளும் உண்டு, செலவில்லாத வேலைகளும் உண்டு. இரண்டு தனித்தனி வழிகளில் மின்சாரம் கொண்டுவருவது, ஒரு வழி போனால் மறுவழிக்கு நொடிக்குள் மாற்றுவது, சிறு வோல்டேஜ் தாழ்வுக்கு முக்கிய மோட்டார்களின் கான்டாக்டர்கள் விழாமல் பிடித்துவைப்பது, நின்றவற்றை எல்லாம் ஒரே நேரத்தில் எழுப்பாமல் வரிசையாக எழுப்புவது. இவை எலக்ட்ரிக்கல் பக்கம். டர்பைன் பம்புகளை மாதம் ஒரு முறையாவது ஓட்டிப் பார்ப்பது ஆபரேஷன் பக்கம். ஓட்டாமல் வைத்த டர்பைன் வேண்டிய நேரத்தில் எழாது. இதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

அலாரங்களைக் குறைப்பதை நான் இவை எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். பெம்ப்ரோக்குக்குப் பிறகு பிரிட்டனில் 1999இல் வந்த தொழில்துறை வழிகாட்டுதலின்படி, பெரிய குழப்பம் ஏற்பட்ட முதல் 10 நிமிடத்தில் ஒரு ஆபரேட்டருக்கு 10 அலாரத்துக்கு மேல் வராமல் இருந்தால்தான் அவரால் சமாளிக்க முடியும். அந்த அளவை எட்டிய கண்ட்ரோல் ரூமை நான் இதுவரை பார்த்ததில்லை. எட்ட வேண்டும் என்று உட்கார்ந்து ஒவ்வொரு அலாரமாக “இது வந்தால் நான் என்ன செய்வேன்?” என்று கேட்டு, பதில் இல்லாதவற்றை எடுத்துவிட்ட இடங்களில் வேலை செய்வது எவ்வளவு வித்தியாசம் என்று தெரியும்.

அப்புறம் ஒத்திகை. ஞாயிறு அதிகாலை மூன்று மணிக்கு, ஆள் குறைவாக இருக்கும்போது மொத்த மின்தடை வந்தால் யார் எந்த வால்வுக்குப் போவது என்று பேர் சொல்லி முடிவு செய்து, நடந்து போய்க் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். எழுதி வைத்த தாள் இருட்டில் உதவாது.

ஆலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். ஃபிளேர் பெரிதாக எரியும்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

ஜன்னல்களை மூடிவிட்டு உள்ளே இருங்கள். வேடிக்கை பார்க்க மதில் பக்கம் போக வேண்டாம், குழந்தைகளையும் விட வேண்டாம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கவனியுங்கள். ஆலையிலிருந்து உங்களை நோக்கி அடித்து, கண், தொண்டை எரிந்தால், ஆஸ்துமா உள்ளவர்களையும் முதியவர்களையும் முதலில் காற்றுக்குக் குறுக்காக விலகிய இடத்துக்கு அழைத்துப் போங்கள். கார், ஸ்கூட்டர் மேல் கரும்புள்ளியாக எண்ணெய்த் துளி விழுந்திருந்தால் அதைத் துடைத்துவிடாமல் படம் எடுத்து, விழுந்த நேரத்தோடு ஆலைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் சொல்லுங்கள். ஃபிளேரில் திரவம் ஏறியிருக்கிறது என்பதற்கு அந்தத் துளியும் ஒரு தடயம், அதை முதலில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் நீங்கள்தான்.